பட்டறைக்குப் புதிதாக வருபவருக்கு: பாதுகாப்புச் சாதனங்களைத் தேர்ந்து, அணிந்து, பேணும் முறை

ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கப்பலூர் சிட்கோவிலோ கே.புதூர் தொழிற்பேட்டையிலோ வேலைக்குச் சேரும் ஒருவருக்கு முதல் நாளில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை கொடுக்கப்படும். அதில் ஒரு தலைக்கவசம், ஒரு கண்ணாடி, ஒரு ஜோடி கையுறை, நான்கைந்து முகக்கவசங்கள் இருக்கும். காலணியின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் வரும் என்பார்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் தன் கடமை முடிந்ததாக நிர்வாகமும், பையை வாங்கியதும் தன் உடம்புக்குக் காவல் கிடைத்துவிட்டதாகத் தொழிலாளியும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பையில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பிட்ட ஆபத்தை, ஒரு குறிப்பிட்ட அளவு வரை மட்டுமே தாங்கும்படி செய்யப்பட்டது. எதைத் தடுக்கும் என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். எதைத் தடுக்காது என்பதைத்தான் நாமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வேலை தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை முதல், வேலை முடிந்து சாதனங்களைக் கழற்றி வைப்பது வரை, மதுரையைச் சுற்றியுள்ள பட்டறைகள், கட்டுமானத் தளங்கள், சாயப்பட்டறைகள், கல் அறுக்கும் கூடங்கள் ஆகியவற்றை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

படி 1: சாதனத்தை எடுப்பதற்கு முன் வேலையைப் பாருங்கள்

உங்களுக்குக் கொடுக்கப்பட்ட இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, எது பறக்கும், எது விழும், எது சுழலும், எது தெறிக்கும், எதைச் சுவாசிக்க நேரும், எங்கிருந்து கீழே விழ வாய்ப்புண்டு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்த்தவற்றுள் எவற்றை மூலத்திலேயே நிறுத்தலாம் என்பதைப் பிறகு கேளுங்கள். மேலூர்ப் பக்கத்துக் கல் அறுக்கும் கூடங்களில் அறுக்கும் தகட்டின் மீது தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தால் தூசியின் பெரும்பகுதி சேறாகவே கீழே போய்விடும். அந்தக் குழாயை மூடிவிட்டு உலர்வாக அறுக்கச் சொல்லி, ஆளுக்கொரு முகக்கவசம் கொடுப்பது பாதுகாப்பு ஆகாது. கிரைண்டரின் இரும்பு மூடி, பெல்ட்டைச் சுற்றிய கம்பி வலைக் கூண்டு, வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றிய திரை, சாயப்பட்டறையின் காற்றுப்போக்கி விசிறி ஆகியவை எல்லாம் முன்வரிசைக் காவல்கள். உடம்பில் அணிவது கடைசி வரிசை. முன்வரிசை இல்லாத இடத்தில் கடைசி வரிசையை மட்டும் நம்பி நிற்க நேர்ந்தால், அதை மேற்பார்வையாளரிடம் சொல்வது புதியவரின் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. வேலை பழகிப்போன கண்களுக்கு அந்தக் குறை தெரியாமல் போயிருக்கக் கூடும்.

படி 2: யார் தர வேண்டும், எந்த முத்திரையைப் பார்க்க வேண்டும்

பாதுகாப்புச் சாதனத்தின் விலை தொழிலாளியின் கணக்கில் ஏறக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு கண் பாதுகாப்பை நிர்வாகத்தின் பொறுப்பாக வைத்தது. அச்சட்டத்தின் இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பும், பாதுகாப்புக்காகத் தரப்படும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது. ஒப்பந்ததாரர் காலணிக்கென்று சம்பளத்தில் பிடித்தம் செய்தால் அதைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பேசித் தீரவில்லையென்றால் மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். கொடுக்கப்பட்டதை அணிவதும், வேண்டுமென்றே பாழாக்காமல் இருப்பதும் தொழிலாளியின் சட்டபூர்வமான கடமை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சிறு பட்டறைகளில் முதலாளியே வெளி வீதிப் பக்கம் உள்ள வன்பொருள் கடைக்கு உங்களை அனுப்பி வாங்கிவரச் சொல்வதும் உண்டு. அப்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள்: முத்திரைக்கு மேலே தரநிலை எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்த உரிம எண் உண்மையானதுதானா என்பதை 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் செயலியில் கடையிலேயே நின்று சரிபார்த்துவிடலாம். தொழிலகத் தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2925, பாதுகாப்புக் காலணிக்கு ஐ.எஸ். 15298, கண்ணாடிக்கு ஐ.எஸ். 5983, தூசி வடிகட்டும் முகக்கவசத்துக்கு ஐ.எஸ். 9473, உயரத்தில் அணியும் முழுவுடல் பட்டைக்கு ஐ.எஸ். 3521 ஆகியவை தரநிலை எண்கள். இருசக்கர வண்டித் தலைக்கவசத்துக்கு உரியது ஐ.எஸ். 4151, வண்டியில் வந்த தலைக்கவசத்தோடே சாரத்தில் ஏறுகிறவர்கள் உண்டு. அது வேறு வகை மோதலுக்காகச் செய்யப்பட்டது, காதையும் பக்கப் பார்வையையும் மறைக்கும், ஆகவே கட்டுமான வேலைக்குப் பொருந்தாது.

படி 3: அணிவதற்கு முன் கழற்ற வேண்டியவை

சுழலும் இயந்திரம் உள்ள எந்த இடத்திலும், தொங்குவதும் தளர்ந்திருப்பதும்தான் முதல் எதிரி. மோதிரம், கைச்சங்கிலி, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றோடு, கோயிலில் கட்டிய கயிற்றையும் வேலை நேரத்தில் கழற்றிவிட வேண்டும். மணிக்கட்டில் நான்கைந்து சுற்றுக் கட்டிய கயிறு எளிதில் அறுவதில்லை, கையையே இழுத்துக்கொண்டு போகும். மனம் கேட்கவில்லையென்றால் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். அரிசி ஆலைகளில் தோளில் கிடக்கும் துண்டும், கட்டியிருக்கும் கைலியும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. பெண்கள் கூந்தலைக் கொண்டையாக முடிந்து தொப்பிக்குள் அடக்கி, பூவையும் துப்பட்டாவையும் தவிர்த்து, சேலை என்றால் அதற்கு மேல் பொத்தான் போட்ட மேலங்கி அணிந்து, தாலிக் கொடியை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும்.

துணியின் வகையும் முக்கியம். வெல்டிங், கேஸ் கட்டிங் செய்பவர்களுக்குப் பருத்தி அல்லது தோல்தான். பாலியஸ்டர் சட்டை தீப்பொறி பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நைலானையும் பாலியஸ்டரையும் தவிர்ப்பதற்குக் காரணம் வேறு: அவற்றின் உராய்வில் பிறக்கும் நிலைமின்சாரத்தின் சிறு பொறியே மருந்துக் கலவைக்குப் போதும்.

படி 4: கண்

கையால் பிடித்து ஓட்டும் சிறிய கிரைண்டர், பட்டறை மொழியில் ஏஜி ஃபோர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுகள் சுழலும். அதில் மாட்டும் கட்டிங் வீலின் நடுத்துளையைச் சுற்றி ஒரு மெல்லிய உலோக வளையம் இருக்கும். தரமான வீல்களில் அந்த வளையத்திலேயே மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதுதான் வீலின் காலாவதி நாள். வீலைப் பிணைத்திருக்கும் பிசின் ஈரத்தாலும் காலத்தாலும் வலுவிழக்கும். காலம் கடந்த வீல் ஓட்டத்தில் உடைந்தால் அதன் துண்டு எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடியை மாட்டுவதற்கு முன் வளையத்தைப் படியுங்கள், வீலின் மேல் அச்சிட்ட உச்சச் சுழற்சி எண் இயந்திரத்தின் எண்ணைவிடக் கூடுதலாக இருப்பதைப் பாருங்கள், மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கிரைண்டிங் வேலைக்குப் பக்கவாட்டுத் தடுப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடியும், அதற்கு மேல் முகத்தடுப்பும் வேண்டும். முகத்தடுப்பு மட்டும் போதாது. அதன் கீழ் இடைவெளி வழியாகப் பொறி மேலேறி வரும். பார்வைக்குறைக்காக அணியும் சாதாரணக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. அதற்கு மேல் அணியும் பெரிய அளவுக் கண்ணாடிகள் கிடைக்கின்றன. காஸ்டிக் சோடா, அமிலம், ப்ளீச்சிங் கரைசல் கையாளுபவர்களுக்குத் தோலோடு ஒட்டி நிற்கும் காகிள்ஸ் வகைதான் பொருந்தும், ஏனெனில் திறந்த விளிம்புக் கண்ணாடி பறக்கும் துகளைத் தடுக்குமே தவிர வழியும் திரவத்தைத் தடுக்காது.

பட்டறையில் அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு. "அண்ணே, கண்ணாடியில ஒன்னும் தெரியல" என்பான் புதிதாக வந்த பையன். "அப்பக் கழட்டி வச்சுட்டு அடிடா தம்பி, வேல ஆகணும்ல" என்பார் மூத்தவர். தெரியாததற்குக் காரணம் கீறலும் வியர்வைப் புகையும்தான். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றித் தரக் கேட்க வேண்டும்; சட்டை முனையால் உலர்வாகத் துடைப்பதால்தான் கீறல் விழுகிறது, ஆகவே முதலில் தண்ணீரில் அலசிப் பின் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். புகை படிவதற்கு, படியாத பூச்சுள்ள வகையைக் கேளுங்கள்.

வெல்டிங்குக்கு வருவோம். 100 ஆம்பியரை ஒட்டிய மின்வில் பற்றவைப்புக்கு 10 அல்லது 11 எண் கொண்ட கருங்கண்ணாடி தேவை. கேஸ் கட்டிங்குக்கு எண் 5 அளவு போதும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இரண்டுக்கும் உதவாது. வெல்டரைவிட அதிகமாகப் பாதிக்கப்படுபவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளும் கையாள்தான். அவருக்கும் தனியாக ஒரு தடுப்பு இருக்க வேண்டும். அந்த ஒளி பட்டதன் விளைவு உடனே தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போன்ற எரிச்சலோடு விழிப்பு வரும். அப்போது தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கை வெட்டி வைப்பது, மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் வாங்கிய சொட்டு மருந்தை விடுவது ஆகியவற்றைச் செய்யாதீர்கள். காலையில் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இரும்புத் துகள் விழுந்தால் கைக்குட்டையின் நுனியை முறுக்கி எடுத்துத் தரும் 'கைராசிக்காரர்' ஒவ்வொரு பட்டறையிலும் இருப்பார். அவரை நாடாதீர்கள். கருவிழியில் தங்கிய இரும்பு சில மணி நேரத்திலேயே துருவளையம் பதிக்கும். அதை முறையாக எடுக்க உருப்பெருக்கியும் நுண்கருவியும் தேவை. 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அரசு இராசாசி மருத்துவமனையும் உள்ள ஊரில், கைக்குட்டை நுனியிடம் கண்ணை ஒப்படைக்க எந்த அவசியமும் இல்லை. இரசாயனம் தெறித்தால் மட்டும் முறை மாறும்: மருத்துவமனைக்குக் கிளம்பும் முன், இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

படி 5: மூச்சு

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனெனில் மூக்கை மூடிய எதுவும் பாதுகாப்பு போலவே தோன்றும். முகத்தில் சுற்றிய துண்டும், அறுவை அறையில் அணியும் நீல நிற முகக்கவசமும் நுண்தூசியைத் தடுப்பதில்லை. பக்கங்களில் உள்ள இடைவெளி வழியாகக் காற்று தாராளமாக உள்ளே வரும். கருங்கல், மணற்கல், கான்கிரீட் ஆகியவற்றை அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசியில் கண்ணுக்குத் தெரிவது சீக்கிரம் தரையில் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பகுதிதான் நெடுநேரம் மிதந்து நுரையீரலின் ஆழம் வரை செல்கிறது. அதனால் வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலை முடிந்ததும் வெல்லமோ வாழைப்பழமோ சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். சாப்பிட்டது இரைப்பைக்குப் போகும். தூசி நுரையீரலில் இருக்கிறது.

இந்த வேலைகளுக்குக் குறைந்தது எஃப்.எஃப்.பி.2 அல்லது என்95 வகை வேண்டும். முன்னது 94 விழுக்காடும் பின்னது 95 விழுக்காடும் நுண்துகள்களை வடிகட்டும்படி சோதிக்கப்பட்டவை. ஆனால் அந்த எண் வடிகட்டும் துணிக்கு உரியது, முகத்துக்கும் கவசத்துக்கும் இடையில் உள்ள ஓட்டைக்கு உரியதன்று. அணியும் முறை வருமாறு: கைகளைக் கழுவிக்கொண்டு, கவசத்தை உள்ளங்கையில் ஏந்தித் தாடையிலிருந்து மூக்கு வரை பொருத்துங்கள். கீழ்ப்பட்டை கழுத்தில் காதுகளுக்குக் கீழேயும், மேற்பட்டை தலையின் பின் உச்சியிலும் அமர வேண்டும். மூக்குத் தகட்டை இரு கைவிரல்களாலும் இரு பக்கமும் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் தகடு கூராக மடிந்து இரண்டு பக்கமும் இடைவெளி விடும். பிறகு இரு கைகளாலும் கவசத்தை மூடிக்கொண்டு வேகமாக மூச்சை விடுங்கள். கண்ணருகிலோ கன்னத்திலோ காற்று பட்டால் மீண்டும் சரிசெய்ய வேண்டும். தாடி வைத்திருப்பவருக்கு இந்த அடைப்பு ஒருபோதும் முழுமையாகாது. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் தூசி குறைந்த வேலைக்கு மாற்றித் தரக் கேட்பது நல்லது. மூச்சு வெளியேறும் வால்வு உள்ள வகை நம் ஊர் வெப்பத்துக்குச் சற்று இதமாக இருக்கும். தூசி வேலைக்கு அதில் குறையொன்றும் இல்லை. மூச்சிழுக்கக் கடினமாகிவிட்டால், ஈரமாகிவிட்டால், பட்டை தளர்ந்துவிட்டால் அந்தக் கவசம் முடிந்தது. கழுவி மறுபடி அணியக் கூடாது.

தூசிக் கவசம் ஆவியைத் தடுக்காது. தின்னர் கலந்த பெயின்ட் அடிப்பவருக்கும், பசை வாசனையில் வேலை செய்பவருக்கும் கரிம ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். கார்ட்ரிட்ஜின் நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ஐரோப்பிய முறையில் கரிம ஆவிக்குப் பழுப்பு, அமெரிக்க முறையில் கறுப்பு, இரண்டும் சந்தையில் கலந்து கிடைக்கின்றன. மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கவசத்துக்குள் வாசனை தெரியத் தொடங்கினால் உடனே வெளியேறிக் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். வேலையில்லாத நேரத்தில் அதைத் திறந்து வைத்தால் சுற்றியுள்ள காற்றையே உறிஞ்சி வீணாகும், ஆகவே காற்றுப்புகாத பையில் வையுங்கள்.

இவை எதுவும் ஆக்சிஜனைத் தருவதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில் கழிவுநீர்க் கிணற்றில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி உயிரிழந்தார்கள். கழிவுநீர்த் தொட்டி, பழங்கிணறு, சாயக்கழிவுத் தொட்டி, மூடிய டேங்க் ஆகியவற்றுக்குள் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, அளவு கூடும்போது மூக்கின் நுகரும் திறனையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்து இறங்குகிறார்கள். இயல்பான காற்றில் 20.9 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு, அது 19.5-க்குக் கீழே இறங்கிய இடத்தில் எந்த வடிகட்டிக் கவசமும் பயன்படாது. எரியும் தீக்குச்சியை இறக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. மீத்தேன் இருந்தால் அதுவே வெடிக்கும். வாயு அளக்கும் கருவி, வெளியிலிருந்து காற்று தரும் கவசம், மேலே கயிற்றைப் பிடித்து நிற்கும் ஆள், எழுத்து மூல அனுமதி ஆகியவை இல்லாமல் உள்ளே இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலும் பின்னாலேயே குதிக்கக் கூடாது. 108-ஐயும் தீயணைப்புத் துறையின் 101-ஐயும் அழைத்து, காற்றை உள்ளே செலுத்த முயல வேண்டும்.

படி 6: கை

எல்லா வேலைக்கும் ஒரே கையுறை என்பது கிடையாது. பின்னல் பருத்திக் கையுறை கீறலுக்கும் அழுக்குக்கும் மட்டும். அது எண்ணெயையோ சாயத்தையோ உறிஞ்சி, தோலோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெறுங்கையைவிட அது மோசம். தகட்டு வேலைக்கு வெட்டுத்தாங்கும் வகை, வெல்டிங்குக்கு முழங்கை வரை வரும் தோல் வகை, எண்ணெய், கரைப்பான்களுக்கு நைட்ரைல் வகை. உள்ளங்கையைச் சுற்றி, கட்டைவிரலை விட்டு, டேப்பால் அங்குலத்தில் அளந்தால் வருவதுதான் கையுறையின் எண். பெரும்பாலான பட்டறைகளில் 9 அல்லது 10 மட்டுமே வாங்கி வைத்திருப்பதால், 7-ஆம் எண் தேவைப்படும் பெண்கள் விரல்நுனி தொங்கும் கையுறையோடு வேலை செய்கிறார்கள். அந்த அளவைக் கேட்டு வாங்க வேண்டும்.

லேத், டிரில்லிங் இயந்திரம், மில்லிங் இயந்திரம் ஆகியவற்றில் கையுறை அணியவே கூடாது. சுழலும் டிரில் பிட் கையுறையின் ஒரு நூலைப் பிடித்தால் விரலும் கூடவே போகும். சுருள் சீவலை எடுப்பதற்குக் கொக்கியும் தூரிகையும் இருக்கின்றன, இயந்திரத்தை நிறுத்திய பின் அவற்றால் எடுங்கள்.

சுங்குடிச் சாயப்பட்டறைகளிலும் அதுபோன்ற இடங்களிலும் காஸ்டிக் கரைசலில் கை வைப்பவர்கள், முழங்கை வரை நீண்ட ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். கை கீழ்நோக்கி இருக்கும் வேலையில் சட்டைக் கை கையுறைக்கு வெளியே விழ வேண்டும், இல்லையேல் மேலே தெறித்தது வழிந்து உள்ளே இறங்கும். உயரத்தில் உள்ள துணியைத் தூக்கிப் பிழியும்போது நேர்மாறாக, சட்டைக் கை உள்ளேயும் கையுறையின் விளிம்பு வெளிப்புறமாக ஒரு அங்குலம் மடிந்தும் இருக்க வேண்டும். முழங்கையை நோக்கி ஓடி வரும் சொட்டு அந்த மடிப்பில் தேங்கும். கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

ஈரச் சிமென்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. கான்கிரீட் போடும் நாளில் வெறுங்காலோடு நிற்கும் சித்தாள் பெண்களின் விரலிடுக்கில் வரும் புண்களுக்குத் தேங்காயெண்ணெய் தடுப்பாகாது. கம்பூட் எனப்படும் உயரமான ரப்பர் காலணியும் ரப்பர் கையுறையும் கொடுக்கப்பட வேண்டும். வேலை முடிந்து தின்னராலும் பெட்ரோலாலும் கை கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

படி 7: காது, தலை, கால்

ஒரு கை நீளத் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் காதடைப்பான் தேவை. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் விதிகள் வைத்திருந்த எல்லை. 85-லிருந்தே அணிவது புத்திசாலித்தனம். நுரை அடைப்பானைச் சுத்தமான விரல்களால் மெல்லிய உருளையாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கும் அடைப்பான் வெறும் அலங்காரம்.

தலைக்கவசத்தின் காவல் அதன் ஓட்டில் பாதி, உள்ளே உள்ள பட்டைத் தொங்கலில் பாதி. ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அடியை வாங்கிக்கொள்கிறது, ஆகவே அதற்குள் துண்டையோ பீடிக்கட்டையோ கைப்பேசியையோ வைக்காதீர்கள். தாடைப் பட்டையைப் போடுங்கள். பெயின்ட் அடிப்பதும், காற்றுக்காகத் துளை போடுவதும் கூடாது. உள்பக்கத்தில் கடிகாரம் போல் வட்டமாக அச்சிட்டிருப்பது தயாரிப்பு மாதமும் ஆண்டும். நிறம் வெளுத்து, இரு பக்கமும் அழுத்தினால் கிரீச்சிடும் ஓடும், ஒரே ஒரு முறை பலத்த அடி வாங்கிய ஓடும் மாற்றப்பட வேண்டியவை.

பாதுகாப்புக் காலணியின் முன்மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, பருத்திக் காலுறையோடு அளவு பாருங்கள். வெல்டிங் செய்பவர் கால்சட்டையின் முனையைக் காலணிக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் பொறி நேராகக் காலுக்குள் இறங்கும்.

படி 8: உயரம்

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழுபவரைக் காப்பாற்றாது. விழும் வேகத்தில் முதுகெலும்பையும் வயிற்றையும் அதுவே நொறுக்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழுவுடல் பட்டை வேண்டும். அதன் முதுகு வளையத்தைப் பிடித்துத் தூக்கி உதறினால் பட்டைகள் தாமாகப் பிரிந்து தொங்கும். சட்டை போல் தோள்களில் மாட்டி, மார்புக் கொக்கியைப் பூட்டி, தொடைப் பட்டைகளைக் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து முறுக்கு விழாமல் பூட்டுங்கள். விரித்த உள்ளங்கை பட்டைக்கும் தொடைக்கும் நடுவே நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. முதுகு வளையம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதுகு வளையத்தோடு இணைந்த கயிற்றின் கொக்கியை எங்கே மாட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. சவுக்குக் கம்புச் சாரமும், ஜன்னல் கிராதியும், மின்கம்பிக் குழாயும் நங்கூரம் ஆகாது. தலைக்கு மேலே உள்ள உறுதியான உத்திரத்திலோ, அதற்கென்றே கட்டிய உயிர்க்கயிற்றிலோ மாட்டுங்கள். கணக்கு ஒன்றும் உண்டு: கயிற்றின் நீளம் 1.8 மீட்டர், விழும் வேகத்தை வாங்கிக்கொள்வதற்காகக் கயிற்றில் உள்ள அதிர்ச்சியுறிஞ்சி விரியும் நீளம் 1.75 மீட்டர் வரை, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், கூடுதல் இடம் ஒரு மீட்டர். நங்கூரத்துக்குக் கீழே சுமார் 6 மீட்டர் வெளி இருந்தால்தான் விழுபவர் தரையில் மோதாமல் நிற்பார். ஆகையால் ஒரு மாடி உயரத்தில், காலடியில் மாட்டிய நீளக் கயிறு கண் துடைப்புதான். அங்கே கைப்பிடிச் சுவர், தடுப்புக் கம்பி, விளிம்புக்கே போக விடாத குட்டைக் கயிறு ஆகியவைதான் வழி. இடம் மாறும்போது ஒரு கொக்கி எப்போதும் மாட்டியிருக்கும்படி இரட்டைக் கயிறு கேளுங்கள். விழுந்து தொங்குபவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்க வேண்டும் என்பதால், எப்படி இறக்குவது என்பதை ஏறும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

படி 9: சித்திரை வெயிலில்

மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸை எட்டுவது வழக்கமானது. தகரக் கூரையின் கீழே அதைவிடக் கூடும். எல்லாச் சாதனங்களையும் அணிந்தவர் இந்த வெப்பத்தில் சீக்கிரம் தளர்வார், தளர்ந்தவர் முதலில் கழற்றி எறிவது கவசத்தைத்தான். கனமான கவசம் தேவைப்படும் வேலையைக் காலை 11 மணிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் குடியுங்கள், இடையில் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறி நிழலுக்கு வந்த பிறகே கவசத்தைக் கழற்றுங்கள். வியர்வை நின்று, பேச்சுக் குழறத் தொடங்கிய ஒருவரைக் கண்டால் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

படி 10: கழற்றுதல், பேணுதல், ஒழித்தல்

அணியும்போது உள்ள கவனம் கழற்றும்போது இருப்பதில்லை, அழுக்கு வீடு வரை வருவது அதனால்தான். இரசாயன வேலை என்றால் கையுறையை அணிந்தபடியே முதலில் கழுவுங்கள். ஒரு கையுறையின் மணிக்கட்டு விளிம்பை வெளிப்புறமாகப் பிடித்து உட்புறம் வெளியே வரும்படி உரித்து, அதை மறு கையின் உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு, வெறுவிரலை இரண்டாவது கையுறையின் உட்பக்கத்தில் நுழைத்து உரித்தால் அழுக்குப் பக்கம் தோலில் படாது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு கண்ணாடியையும், கடைசியாக முகக்கவசத்தைப் பின்பட்டைகளைப் பிடித்தும் கழற்றுங்கள். கல்தூசி படிந்த உடையைக் கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, மாற்றுடை அணிந்து வீட்டுக்குப் போங்கள்.

தலைக்கவசத்தையும் பட்டையையும் வண்டியின் மேலும் வெயில்படும் ஜன்னலிலும் போட்டு வைக்கக் கூடாது. முழுவுடல் பட்டையை நிழலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு நாளும் தையலையும் கொக்கியின் பூட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். மின்வேலை செய்பவர்கள் தங்கள் ரப்பர் கையுறையின் வாயை உருட்டிக் காற்றை அடைத்து, காதருகே பிடித்து, ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

சிறு காயமானாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்; இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சையும் பிற்காலத்தில் இழப்புப் பயனும் கோரும்போது அந்த ஒரு வரி தேவைப்படும். அடிபட்ட தலைக்கவசத்தையும் விழுந்தவரைத் தாங்கிய பட்டையையும் அப்படியே குப்பையில் போடாதீர்கள். பழைய இரும்புக் கடை வழியாக அவை துடைக்கப்பட்டு இன்னொருவர் தலைக்கும் தோளுக்கும் வந்துவிடும். பட்டையின் தோள்வாரையும் தொடைவாரையும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, தலைக்கவசத்தின் உள்தொங்கலை அறுத்து, அதன் மேலோட்டை நடுவில் ரம்பத்தால் பிளந்த பிறகே போடுங்கள்; புதியதைப் பெற்ற தேதியை அதே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து இடுங்கள்.